15 லட்சத்துக்கு டிவி பிளான்: 210 ஜிஆர்பி பெரிதா, 340 ஜிஆர்பி பெரிதா?

மிளகாய்வத்தல்:

வணக்கம். மசாலாப் பொடி கம்பெனி ஒன்றின் விளம்பரப் பொறுப்பு என்னிடம் இருக்கிறது. சரக்கு இப்போதைக்கு ஈரோடு, திருப்பூர், கோவை, சேலம், கரூர் கடைகளில்தான் ஓடுகிறது. டிவிக்குப் போவது இதுதான் முதல் தடவை. கையில் 15 லட்சம் ரூபாய், ஜிஎஸ்டி தனி. 20 செகண்ட் விளம்பரம், நாலு வாரம். இரண்டு ஏஜென்சிகள் பிளான் கொடுத்திருக்கிறார்கள்.

ஏஜென்சி 'அ': 210 ஜிஆர்பி (விளம்பரம் ஓடும் எல்லாத் தடவையின் ரேட்டிங்கையும் கூட்டிய எண்). டார்கெட் பெண்கள் 22–50, என்சிசிஎஸ் எனும் வீட்டுத் தரப் பிரிவில் ஏபிசி. சந்தை தமிழ்நாடு/புதுச்சேரி, நகரமும் கிராமமும் சேர்த்து. பெரும்பாலும் இரவு 7 முதல் 10 வரை சீரியல்கள்.

ஏஜென்சி 'ஆ': 340 ஜிஆர்பி. டார்கெட் 2 வயதுக்கு மேல் எல்லோரும். அதே சந்தை. அடியில் சின்ன எழுத்தில் "10 செகண்டுக்கு நார்மலைஸ் செய்யப்பட்டது". கூடவே 'நம்பர் 1' என்று சொல்லிக்கொள்ளும் ஒரு நியூஸ் சேனலில் 60 ஸ்பாட் (விளம்பரம் ஒரு தடவை ஓடினால் ஒரு ஸ்பாட்) போனஸ்.

1. 340 என்பது 210-ஐவிட நிஜமாகவே அதிகமா?
2. வியாழக்கிழமை வாட்ஸ்அப்பில் வரும் டிஆர்பி பட்டியலில் ஒரு சீரியலுக்கு 9 என்று இருக்கிறது. அதே சீரியலுக்கு 'அ' பிளானில் 5.8 போட்டிருக்கிறார்கள். எது சரி?
3. பணம் கொடுத்த பிறகு, சொன்னது கிடைத்ததா என்று எதை வைத்துச் சரிபார்ப்பது?

பிரைம்டைம்:

முதல் கேள்விக்கு நேரடியாக: இல்லை. 340 குறைவாகத்தான் இருக்க வாய்ப்பு.

நார்மலைஸ் என்றால் எல்லா ஸ்பாட்டையும் 10 செகண்ட் அலகாக உடைத்து எண்ணுவது. உங்கள் விளம்பரம் 20 செகண்ட். 6 ரேட்டிங் உள்ள சீரியலில் அது ஒரு தடவை ஓடினால் நிஜ ஜிஆர்பி 6. நார்மலைஸ் செய்தால் 12. ஜனங்கள் பார்ப்பது என்னவோ ஒரே தடவைதான். ஆகவே 'ஆ' கொடுத்த 340-ஐ இரண்டால் வகுங்கள், 170 வரும். 15 லட்சத்துக்கு 170 என்றால் ஒரு புள்ளிக்கு 8,800 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். 'அ'வில் 210 நார்மலைஸ் செய்யாததா என்று ஒரு வரி எழுதிக் கேட்டு வாங்குங்கள். அப்படியானால் புள்ளிக்கு ஏறத்தாழ 7,140 ரூபாய். ரேட் பேசுவதற்கு நார்மலைஸ் கணக்கு வசதி, அதில் தப்பு ஒன்றும் கிடையாது. விளம்பரம் எத்தனை பேரிடம் போனது என்று பேசும்போது அதைக் கொண்டுவந்தால்தான் குழப்பம்.

ஆனால் இதோடு 'அ' ஜெயித்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். இருவரும் வேறு வேறு கூட்டத்தை வைத்து எண்ணியிருக்கிறார்கள். குழந்தை, ஆண், வயதானவர் எல்லோரையும் சேர்த்து 100 பேரில் எத்தனை என்பது ஒரு கணக்கு. 22–50 வயதுப் பெண்கள் 100 பேரில் எத்தனை என்பது இன்னொன்று. இரவு சீரியலுக்குப் பெண்கள் மத்தியில் ரேட்டிங் கூடுதலாகவும் எல்லோரும் 2+ என்றால் குறைவாகவும் வரும். 'ஆ'வின் 170-ஐ பெண்கள் 22–50-க்கு ஓட்டினால் ஏறக்கூடும். ஆக இரண்டு ஏஜென்சிக்கும் ஒரே மாதிரி எழுதி அனுப்புங்கள்: பெண்கள் 22–50, என்சிசிஎஸ் ஏபிசி, தமிழ்நாடு/புதுச்சேரி நகரம்+கிராமம், கடைசி நாலு வார சராசரி, நார்மலைஸ் செய்யாத ஜிஆர்பி. எந்த நாலு வாரம் என்று தேதியும் போடச் சொல்லுங்கள். பொங்கல், தீபாவளி வாரம் அதில் இருந்தால் சிறப்புப் படங்களால் சேனல் எண் உப்பியிருக்கும். உங்கள் விளம்பரம் ஏப்ரலில் என்றால் தினமும் இரவு 7.30-க்கு ஐபிஎல் இருக்கும். பிப்ரவரி எண்ணை வைத்து ஏப்ரலுக்குப் பிளான் போடக் கூடாது.

என்சிசிஎஸ் புதிதாக இருந்தால்: வீட்டில் அதிகம் சம்பாதிப்பவரின் படிப்பு, வீட்டில் உள்ள பொருள் எத்தனை, இந்த இரண்டை வைத்துத்தான் வீட்டுக்குத் தரம் போடுகிறார்கள். பொருள் பட்டியலில் 11: மின் இணைப்பு, மின்விசிறி, கேஸ் அடுப்பு, டூவீலர், கலர் டிவி, பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர், கார், ஏசி, விவசாய நிலம். வருமானம் எவ்வளவு என்று நேரடியாகக் கேட்பதில்லை. மசாலாப் பொடிக்கு ஏபிசி வைத்திருப்பது சரிதான். 10 ரூபாய் பாக்கெட் விற்றால் டி-யையும் சேர்த்துப் பாருங்கள்.

இப்போது 9-ம் 5.8-ம். முதலில் ரேட்டிங் என்றால் என்ன என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றது தானாக விளங்கும். டிவிஆர், அதாவது டிவி ரேட்டிங், என்பது "எத்தனை பேர் பார்த்தார்கள்" என்ற எண்ணே இல்லை. ஒரு சராசரி நிமிஷத்தில் 100-க்கு எத்தனை பேர் அந்தச் சேனலில் இருந்தார்கள் என்பதுதான் அது. 100 பேர் உள்ள ஊரில் 30 நிமிஷ சீரியல். 8 பேர் முழுசாக உட்கார்ந்து பார்த்தால் 240 ஆள்-நிமிஷம். 30-ஆல் வகுத்தால் 8. இன்னொரு சீரியலை 40 பேர் ஆளுக்கு 6 நிமிஷம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்; அதுவும் 240, அதுவும் 8. டிவிஆர் இரண்டுக்கும் ஒன்றே. ரீச் (கொஞ்ச நேரமாவது பார்த்தவர்கள்) மட்டும் ஒன்றுக்கு 8, இன்னொன்றுக்கு 40. முதல் சீரியலில் பத்து நாள் விளம்பரம் போட்டால் அதே 8 பேர் பத்துத் தடவை பார்ப்பார்கள். இரண்டாவதில் ஆள் மாறிக்கொண்டே இருக்கும். எது வேண்டும் என்பது உங்கள் பொருளைப் பொறுத்தது.

ரேட்டிங் எடுக்கும் அமைப்பான பார்க் தன் தளத்தில் வாராவாரம் வெளியிடுவது சதவீதமே கிடையாது, சராசரி நிமிஷப் பார்வையாளர் எண்ணிக்கை, ஆயிரங்களில். அவர்கள் வாரம் சனியில் தொடங்கி வெள்ளியில் முடியும். எண் வருவது அடுத்த வியாழன். வாட்ஸ்அப்பில் சுற்றும் 9, 10 எல்லாம் யாரோ கசியவிடும் டிவிஆர், அனேகமாக நகரம் மட்டும். உங்கள் 5.8 நகரமும் கிராமமும் சேர்ந்தது, ஒரு குறிப்பிட்ட வயதுப் பெண்களுக்கு, நாலு வார சராசரி. இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். எந்த ரேட்டிங் எண்ணைப் பார்த்தாலும் யாருக்கு, எங்கே, எந்த நேரம், எத்தனை வாரம் என்ற நாலும் பக்கத்தில் இல்லையென்றால் அதை வைத்து ஒரு ரூபாய்கூட எடுத்து வைக்காதீர்கள்.

கூறெடுப்பு:

பிரைம்டைம் சொன்னதோடு, இந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது தெரியாவிட்டால் 5.8-ஐ எடைக்கல் மாதிரி நினைத்துவிடுவோம்.

இந்தியாவில் இதை எடுப்பது பார்க். 2015 ஏப்ரலில் எண் வெளியிட ஆரம்பித்தது. அதற்கு முன் டாம் என்ற நிறுவனம் எடுத்தது. பார்க்கில் சேனல்காரர்கள் சங்கத்துக்கு 60 சதவீதம், விளம்பரதாரர் சங்கத்துக்கு 20, ஏஜென்சிகள் சங்கத்துக்கு 20 பங்கு. சேனல் தன் ஒலியில் காதுக்குக் கேட்காத ஒரு குறியீட்டை வாட்டர்மார்க்காகப் பதித்து மேலே அனுப்புகிறது. அதில் எந்தச் சேனல், எந்த நேரம் என்பது இருக்கும். மீட்டர் வைத்த வீட்டில் அந்த ஒலியை மீட்டர் பிடித்துக்கொள்ளும். வாட்டர்மார்க் போடாத சேனலுக்கு ரேட்டிங் கிடையாது. உங்கள் ஊர் லோக்கல் கேபிள் சேனல்களுக்கு எண் இல்லாததற்கு இதுதான் காரணம். அதே சீரியலைப் போனில் ஆப்பில் பார்த்தாலும் இந்த டிவிஆரில் சேராது.

எந்தச் சேனல் என்பதை மீட்டர் தானாகக் கண்டுபிடிக்கும். யார் பார்க்கிறார் என்பதை அதால் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு ஒரு தனி ரிமோட் இருக்கிறது, வீட்டில் ஆளுக்கு ஒரு பட்டன். டிவி முன்னால் வந்து உட்கார்ந்தால் அமுக்க வேண்டும், எழுந்து போனால் மறுபடி அமுக்க வேண்டும். இந்த இடம்தான் மொத்த அமைப்பிலும் பலவீனமான இடம். இரவு எட்டரை சீரியல், அம்மா தன் பட்டனை அமுக்கிவிட்டு உட்கார்கிறார். பிரேக் வந்ததும் தோசைக்கல்லைப் பார்க்க அடுப்படிக்குப் போகிறார். பட்டனை யார் அமுக்குவார்கள்? மீட்டர் கணக்கில் அவர் கூடத்திலேயே இருந்து நாலு விளம்பரமும் பார்த்தவர். ரிமோட்டை எடுத்து சேனலை மாற்றினால் அது உடனே பதிவாகும்; ஆள் எழுந்து போனால் பெரும்பாலும் பதிவாகாது. பிரேக் ரேட்டிங் என்று உங்களிடம் காட்டுவது சேனல் மாற்றியவர்களைக் கழித்த எண். அடுப்படிக்குப் போனவர்கள் அதற்குள்ளேயே இருக்கிறார்கள்.

எத்தனை வீடு? மத்திய அரசு 2014 ஜனவரியில் போட்ட வழிகாட்டு விதிப்படி குறைந்தது 20,000 வீட்டில் ஆரம்பித்து வருஷத்துக்கு 10,000 கூட்டி 50,000-க்குக் கொண்டுபோக வேண்டும் என்று இருந்தது. வருஷத்துக்குக் கால்வாசி வீடுகளை மாற்ற வேண்டும் என்றும் இருந்தது. எந்த வீடு என்பது ரகசியம். 2020 வாக்கில் 44,000-ஐ ஒட்டிய வீடுகள் இருந்தன. அந்தச் சமயம் பார்க் கணக்கில் நாட்டில் டிவி உள்ள வீடு 21 கோடி, டிவி பார்ப்போர் 89.2 கோடி. வகுத்துப் பாருங்கள்: ஒரு மீட்டர் வீடு சராசரியாக 4,700-க்கும் மேற்பட்ட வீடுகளுக்காகப் பேசுகிறது.

இது மோசடி ஒன்றும் இல்லை. கூறெடுத்துக் கணக்கிடுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான், ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். நாட்டுக்கு மொத்தமாக இந்த எண் நன்றாகவே நிற்கும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், தமிழ்நாடு மட்டும், அதில் பெண்கள் மட்டும், அதில் 22–50, அதில் ஏபிசி என்று நாம் பானையை மேலும் மேலும் சின்னதாக்கும்போது. கடைசியில் உங்கள் டார்கெட்டில் மாதிரி ஆட்கள் 1,500 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இது உதாரண எண்தான். நிஜ எண்ணை ஏஜென்சியின் மென்பொருள் காட்டும், கேட்டு வாங்குங்கள்.

ரேட்டிங் 5 என்றால் 1,500-ல் 75 பேர். இதற்குப் புள்ளியியல் பிழை ஏறத்தாழ 0.56. இருபதில் பத்தொன்பது தடவை சரியாக இருக்கும்படி சொல்ல வேண்டுமானால் 3.9-க்கும் 6.1-க்கும் நடுவில் என்றுதான் சொல்லலாம். ரேட்டிங் 0.5 என்றால் ஏழெட்டுப் பேர். அதன் நிஜ மதிப்பு 0.14-ஆகவும் இருக்கலாம், 0.86-ஆகவும் இருக்கலாம். ஒரே வீட்டு ஆட்கள் சேர்ந்தே பார்ப்பதால் நிஜப் பிழை இதைவிடக் கொஞ்சம் கூடுதல். நாலு வார சராசரி எடுத்தால் பிழை பாதியாகிவிடும் என்பார்கள். வாராவாரம் புது ஆட்களைக் கேட்டால் அது சரி. இங்கே அடுத்த வாரமும் அதே வீடுகள்தான், அதனால் அவ்வளவு குறையாது. ஆனால் அதே வீடுகள் என்பதில் ஒரு லாபமும் உண்டு: இந்த வாரத்துக்கும் போன வாரத்துக்கும் உள்ள ஏற்ற இறக்கம், புதுப்புது ஆட்களைக் கேட்பதைவிட நிதானமாகத் தெரியும்.

ஒரு சீரியல் 5.0-லிருந்து 4.7-க்கு இறங்கிவிட்டது, மாற்றலாமா என்று வாராவாரம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதற்காக எதையும் மாற்றாதீர்கள். நாலு வாரம் தொடர்ந்து ஒரே பக்கம் சரிந்தால் மாற்றுங்கள்.

ஸ்பாட்லாக்:

மூன்றாவது கேள்விக்கு நான் வருகிறேன். அதற்கு முன் சிபிஆர்பி பற்றி ஒன்று, கூறெடுப்பு சொன்னதையே ரூபாயில் காட்டுவதற்காக.

சிபிஆர்பி என்றால் ஒரு ரேட்டிங் புள்ளிக்கு எவ்வளவு விலை. பெரிய சேனல் சீரியலில் 10 செகண்ட் ரேட் 21,000, டிவிஆர் 5.8 என்றால் சிபிஆர்பி 3,620 ரூபாய். சின்னச் சேனலில் ரேட் 2,200, டிவிஆர் 0.6 என்றால் 3,667. தாளில் இரண்டும் ஒரே விலை மாதிரி தெரிகிறது. மாதிரி 1,500 பேர் என்ற அதே கணக்கில் பார்த்தால் 5.8 என்பது 87 பேர், 0.6 என்பது 9 பேர். இரண்டிலும் நாலு பேர் ஒரு நாள் வேறு சேனலுக்குப் போய்விட்டால் பெரிய சேனலில் சிபிஆர்பி 3,800-ஐ ஒட்டி நிற்கும். சின்னச் சேனலில் 6,600-க்கு ஏறிவிடும். சின்னச் சேனலே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஐந்தாறு சின்னச் சேனலைச் சேர்த்து ஒரே கட்டாக மதிப்பிடுங்கள், தனித்தனி எண்ணை நம்பி ரேட் பேசாதீர்கள்.

போனஸ் 60 ஸ்பாட்: அந்த நியூஸ் சேனலின் டிவிஆர் உங்கள் டார்கெட்டில் 0.05 என்றால் 60 ஸ்பாட்டும் சேர்ந்து 3 ஜிஆர்பி. 0.05 என்பது 1,500 பேரில் முக்கால் ஆள். இதை இலவசமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்காக வேறெங்கும் ஒரு ரூபாய் கூடுதலாக விட்டுக்கொடுக்காதீர்கள். 'நம்பர் 1' என்பது எந்த வயது, ஆணா பெண்ணா, எந்த மணி, எந்த வாரம் என்று கேளுங்கள். சின்னதாக நறுக்கிக்கொண்டே போனால் எல்லா சேனலும் ஏதாவது ஒரு துண்டில் முதலிடத்தில் இருக்கும்.

நியூஸ் எண்ணுக்கு இன்னொரு பின்னணி உண்டு. 2020 அக்டோபரில் மும்பை போலீஸ் டிஆர்பி வழக்கு வந்தது, மீட்டர் வீடுகளுக்குக் காசு கொடுத்து சில சேனல்களைப் போட்டு வைக்கச் சொன்னதாகக் குற்றச்சாட்டு. பார்க் நியூஸ் சேனல்களின் வாராந்தர எண்ணை நிறுத்தியது. மறுபடி வந்தது 2022 மார்ச்சில், அதுவும் நாலு வார சுழல் சராசரியாக. ஆகவே நியூஸ் சேனல் காட்டும் எண்ணை ஒரு வார சீரியல் எண்ணோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.

லேண்டிங் பேஜும் தெரிந்திருக்க வேண்டும். செட்டாப் பாக்ஸை ஆன் செய்ததும் முதலில் தானாக வந்து நிற்கும் சேனல் எது என்பதை கேபிள், டிடிஎச்காரர்களிடம் காசு கொடுத்து வாங்கலாம். வீட்டில் டிவி போடும்போதெல்லாம் அந்தச் சேனல் சில செகண்ட் ஓடும், ரீச் ஊதிப்போகும். இதை வடிகட்ட பார்க் முறை வைத்திருக்கிறது. இருந்தாலும் நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழி: ரீச்சோடு 'ஒரு ஆள் சராசரியாகப் பார்த்த நேரம்' என்ற எண்ணையும் கேளுங்கள். ரீச் திடீரென ஏறி, பார்த்த நேரம் அதே வாரம் இறங்கினால் விருப்பப்பட்டு வந்த கூட்டம் இல்லை.

இனி சரிபார்ப்பு. நிகழ்ச்சி ரேட்டிங்கைப் பார்த்து வாங்குகிறீர்கள், ஆனால் உங்கள் விளம்பரம் ஓடுவது பிரேக்கில். கணக்கு நிமிஷ அளவில் என்பதால், உங்கள் 20 செகண்ட் எந்த நிமிஷத்தில் விழுந்ததோ அந்த நிமிஷத்தின் ரேட்டிங்தான் உங்களுக்கு. பிரேக் 8:14:20-க்கு ஆரம்பித்து 8:18:40-க்கு முடிகிறது என்று வையுங்கள். முதல் இடத்தில் ஓடினால் உங்கள் விளம்பரம் 8:14 என்ற நிமிஷத்தில். அதில் முதல் 20 செகண்ட் சீரியலே ஓடியிருக்கும், கூட்டம் இன்னும் கலையவில்லை. கடைசி இடம் 8:18, ஆட்கள் திரும்ப வந்துவிட்டார்கள். நடுவில் 8:16-ல் விழுந்தால்தான் பள்ளம். எனவே பிரேக்கில் முதல் அல்லது கடைசி இடம் கேளுங்கள். தனியாகக் கூடுதல் காசு கேட்பார்கள், அதை அப்படியே கொடுப்பதைவிட மொத்த ஸ்பாட்டில் 30, 40 சதவீதத்துக்கு அந்த இடம் வேண்டும் என்று ரேட் பேசும்போதே சேர்த்துவிடுவது சுலபம்.

ரிலீஸ் ஆர்டரில் (விளம்பரத்தை ஓட்டச் சொல்லி சேனலுக்குக் கொடுக்கும் ஆர்டர்) எழுத்தில் இருக்க வேண்டியவை இவை. சேனல், நிகழ்ச்சிப் பெயர், நாள், ஸ்பாட் எண்ணிக்கை, செகண்ட், ரேட். "இரவு 7–11 ரோட்டேஷன்" என்று பொதுவாக எழுத விடாதீர்கள், எல்லாம் 10.45-க்குப் போய் ஒதுங்கும். போனஸ் ஸ்பாட் காலை 8 முதல் இரவு 11-க்குள் என்று போடுங்கள். இல்லாவிட்டால் நள்ளிரவு ஒன்றரைக்கும் மூன்றுக்கும் ஓடும், ஓடிவிட்டது என்று சான்றிதழும் வரும். விட்டுப்போன ஸ்பாட்டை அதே நாலு வாரத்துக்குள், அதே ரேட்டிங் உள்ள நிகழ்ச்சியில் ஈடுசெய்ய வேண்டும். சீரியலை நிறுத்தினாலோ, சிறப்புப் படத்துக்காக நேரம் மாற்றினாலோ முன்கூட்டி எழுத்தில் சொல்ல வேண்டும். ஏஜென்சி கமிஷன் வழக்கமாக 15 சதவீதம். அது ரேட்டுக்குள்ளேயா வெளியிலா என்பதையும் தெளிவாக எழுதுங்கள். ஜிஎஸ்டி 18 சதவீதம், 15 லட்சத்துக்கு 2,70,000.

முடிந்த பிறகு சேனல் தரும் ஒளிபரப்புச் சான்றிதழ் மட்டும் போதாது. ஓடியதா என்பதைத்தான் அது சொல்லும். ஏஜென்சியிடம் ஸ்பாட் வாரியான லாக் கேளுங்கள், எக்செல்லில், பிடிஎஃப் வேண்டாம். தேதி, செகண்ட் வரை நேரம், நிகழ்ச்சி, பிரேக்கில் எத்தனையாவது இடம், உங்கள் டார்கெட்டில் அந்த ஸ்பாட்டின் டிவிஆர். இந்த ஐந்து பத்தியும் இருந்தால் பாதி வேலையை நீங்களே செய்யலாம். கடைசி வாரத்து எண் அடுத்த வியாழன்தான் வரும் என்பதால், விளம்பரம் முடிந்து இரண்டு வாரத்துக்குள் முழு அறிக்கை என்று கெடு வையுங்கள்.

மிளகாய்வத்தல்:

மூவருக்கும் நன்றி. இரண்டு ஏஜென்சிக்கும் ஒரே டார்கெட் போட்டு மெயில் அனுப்பிவிட்டேன். 210-ம் நார்மலைஸ் செய்யாத எண்தான் என்று 'அ' எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

இரண்டு சந்தேகம் மிச்சம். எங்களுக்கு வேண்டியது கொங்குப் பக்கம் மட்டும். அந்த ஐந்து மாவட்டத்துக்குத் தனி ரேட்டிங் கிடைக்குமா? அப்புறம், 210 ஜிஆர்பி என்பது ஒரு புதுப் பொடிக்குப் போதுமா, குறைவா?

பிரைம்டைம்:

மாவட்ட வாரியாகக் கிடையாது. பார்க் கூறுகள் ஊரின் மக்கள்தொகையை வைத்துப் பிரிக்கப்பட்டவை: சென்னை தனி, 10 லட்சத்துக்கு மேற்பட்ட மற்ற ஊர்கள், 10 லட்சத்துக்குக் கீழே, கிராமம். கோவையும் மதுரையும் ஒரே கட்டில் வரும். "கோவை மண்டல ரேட்டிங்" என்று யாராவது தாள் நீட்டினால் எந்த அமைப்பின் எண் என்று கேளுங்கள்.

போதுமா என்பதற்கு ஜிஆர்பி பதில் சொல்லாது, ரீச்சைக் கேட்க வேண்டும். ஜிஆர்பி என்பது ரீச்சை சராசரித் தடவையால் பெருக்கியது. 210-ல் ரீச் 55 என்றால் ஆளுக்கு 3.8 தடவை. ரீச் 30 என்றால் 7 தடவை. புதுப் பொடிக்கு, பெயர் மனதில் தங்க வேண்டும் என்பதால், 'மூன்று தடவைக்கு மேல் பார்த்தவர்கள் எத்தனை சதவீதம்' என்ற எண்ணைக் கேளுங்கள். ஒரே சீரியலில் நாலு வாரம் போட்டால் சராசரித் தடவை அழகாக ஏறும், ரீச் இரண்டாவது வாரத்தோடு நின்றுவிடும். மூன்று நான்கு வெவ்வேறு நேரத்து சீரியல், அதோடு ஞாயிறு மதியப் படம், ஒரு பாட்டுச் சேனல் கட்டு என்று பரப்பினால் ரீச் ஏறும். நாலு வாரத்துக்கும் சமமாகப் பிரிக்காமல் முதல் இரண்டு வாரத்தில் 130, 140 ஜிஆர்பி வைத்துவிட்டு மீதியைப் பின்னால் போடுவது புதுப் பொருளுக்கு வழக்கம்.

கூறெடுப்பு:

மாற்றுக் கருத்து ஒன்று. சரக்கு ஐந்து மாவட்டத்தில் மட்டும் கிடைக்கும்போது சாட்டிலைட் சேனல் வாங்குவதே இப்போதைக்கு எனக்குச் சரியாகப் படவில்லை. பிளானில் உள்ள ஒவ்வொரு ஜிஆர்பியும் நாகர்கோவிலுக்கும் திருவண்ணாமலைக்கும் சேர்த்து நீங்கள் கொடுக்கும் காசு. உங்கள் மாவட்டங்களில் தமிழ்நாட்டு டிவி பார்வையாளர்களில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கிறார்கள் என்று வைத்தால், 7,140 ரூபாய்க்கு வாங்கும் புள்ளி உங்கள் கடைகளுக்குப் பயன்படும் அளவில் 35,700 ஆகிவிடுகிறது. லோக்கல் கேபிள், பஸ் ஸ்டாண்டு, சந்தை நாள் சுவர் விளம்பரம், எஃப்எம் எல்லாவற்றையும் அதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். லோக்கல் கேபிளுக்கு ரேட்டிங் இல்லைதான். ஆனால் ஆபரேட்டருக்கு எத்தனை இணைப்பு என்று கேட்கலாம். கோபியில் மட்டும் இரண்டு வாரம் ஓட்டி, பெருந்துறையில் ஓட்டாமல், இரண்டு ஊர் டீலர்களின் ஆர்டரையும் வாராவாரம் எழுதி வைத்தால் அது எந்த டிவிஆரையும்விட நேரடியான கணக்கு.

ஸ்பாட்லாக்:

கணக்கு சரி, ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய சேனலில் விளம்பரம் வருகிறது என்றால் டீலர் சரக்கு எடுக்கும் அளவு மாறும், கடைக்காரர் முன் தட்டில் வைப்பார். அதற்கு எந்த ஜிஆர்பியும் கணக்கு காட்டாது. அதற்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் 210 தேவையே இல்லை. ஒரே சேனல், இரண்டு சீரியல், இரண்டு வாரம், பிரேக்கின் முதல் இடம், 5 லட்சத்துக்குள் முடித்துவிட்டு மீதி 10 லட்சத்தைக் கூறெடுப்பு சொன்ன வழியில் செலவழிக்கலாம்.

எப்படிப் போனாலும் விளம்பரம் தொடங்கும் தேதிக்குப் பத்து நாள் முன்பே ஐந்து மாவட்டக் கடைகளிலும் பாக்கெட் தொங்க வேண்டும். திங்கட்கிழமை இரவு விளம்பரம் பார்த்தவர் செவ்வாய் காலை கடையில் கேட்டு, "இன்னும் வரலைங்க" என்று பதில் வந்தால் அந்தப் புள்ளிக்குக் கொடுத்த 7,140-ம் போனதுதான்.

மிளகாய்வத்தல்:

புரிந்தது. இரண்டு சீரியல், இரண்டு வாரம், முதல் இடம் என்ற கட்டுக்கு 'அ'விடம் ரேட் கேட்கிறேன். கோபி, பெருந்துறை டீலர்களிடம் கடந்த எட்டு வார ஆர்டர் விவரமும் வாங்கிவிடுகிறேன், ஒப்பிட ஒரு அடிக்கணக்கு வேண்டுமல்லவா.

கூறெடுப்பு:

எட்டு வாரம் போதும். ஆர்டரோடு டீலர் கையிருப்பையும் வாங்குங்கள். அவர் குடோனில் அடுக்கி வைத்ததும் ஆர்டராகத்தான் தெரியும், கடையில் விற்றதாக ஆகாது. இன்னொன்று, சாட்டிலைட் விளம்பரம் ஓடும் இரண்டு வாரமும் கோபி சோதனையும் ஒரே சமயத்தில் வேண்டாம். டிவி இரண்டு ஊரிலும் தெரியும், எது எதனால் விற்றது என்று பிரிக்க முடியாமல் போகும். கோபியை முதலில் முடித்துவிடுங்கள்.